முத்தாலம்மனுக்கு இங்கிலீஷில் நேர்ந்த முடி

சந்திரவல்லி டீச்சருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, இடுப்பைத் தாண்டித் தொங்கும் தலைமுடி. நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு சடையை, போடி டவுன் பஸ் ஸ்டாண்டில் வேறு யாரிடமும் பார்க்க முடியாது. இன்னொன்று, பத்தொன்பது வருஷ சர்வீஸில் இங்கிலீஷ் பாடத்துக்காக ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை என்பது. இந்த இரண்டாவது பெருமையில் கொஞ்சம் கலப்படம் உண்டு. தனக்கே ஒழுங்காகப் பிடிபடாத பாஷைக்காக ஊரான் பிள்ளையை எப்படி அடிப்பது என்பதுதான் நிஜமான காரணம்.

அவள் பிறந்தது சிலமலையில், மக்காச்சோளமும் தென்னையும் போட்ட சம்சாரி வீட்டில். பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷில் எண்பத்திரண்டு மார்க் வாங்கினாள். அத்தனையும் மனப்பாடம். எந்த வாக்கியம் எதற்காக வந்தது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து, போடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சிவக்குமாரைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஊரில் வேலை பார்த்துவிட்டு, கடைசியாக மலையடிவாரத்துக் கரட்டுப்பட்டித் தொடக்கப்பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் பாண்டியராஜ் ஒன்றாம் இரண்டாம் வகுப்பையும் அலுவலகக் காகிதங்களையும் மேய்த்தார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் சந்திரவல்லியின் பொறுப்பில் இருந்தன. பதிவேட்டில் அவளுடைய பிள்ளைகள் இருபத்தோரு பேர். ஏலக்காய் பறிப்பு தொடங்கிவிட்டால் அறையில் உட்கார்ந்திருப்பது பதினான்கு பேர்.

மீதி ஏழு பேர் எங்கே என்பது ஊருக்கே தெரியும். விடியக்காலை ஐந்தரைக்கு மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஜீப்பு வரும். அம்மாக்கள் சோத்துத் தூக்கோடு ஏறுவார்கள். கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொள்வார்கள், அதைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளையையும் ஏற்றிக்கொள்வார்கள். அங்கன்வாடி திறப்பதற்குள் ஜீப்பு போடிமெட்டைத் தாண்டிவிடும். அப்படிப் போகிறவர்களில் ஐந்தாம் வகுப்புக் கார்த்திகாவும் ஒருத்தி. ஒல்லிக்குச்சி. வகுத்தல் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். ஆனி பிறந்ததிலிருந்து அவள் பள்ளிக்கு வந்தது மொத்தம் நான்கு நாள். அவள் அம்மா ராக்குவைத் தேடி சந்திரவல்லி மூன்று முறை வீட்டுக்கே போனாள். மூன்று முறையும் ராக்கு கையெடுத்துக் கும்பிட்டு, "நாளைக்கு அனுப்பிருறேன் டீச்சரு" என்றாள். அந்த நாளை வரவேயில்லை.

இந்த நிலைமையில்தான் 'இஃப்' பாடம் வந்தது.

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன் என்று சொல்லும் வாக்கியங்களை நடத்த வேண்டும். பயிற்சியில் கொடுத்திருந்த உதாரணத்தையே சந்திரவல்லி கரும்பலகையில் எழுதினாள். 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் டேக் அன் அம்ப்ரெல்லா.' மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வேன் என்று அர்த்தமும் சொன்னாள்.

"குடை எதுக்கு டீச்சர்? உரச்சாக்கைத்தான் மடிச்சுத் தலையில போட்டுக்கிருவோம்" என்றது முதல் வரிசை.

"சரி, குடை இருந்துச்சுன்னு வையி."

"இல்லையே டீச்சர்."

இல்லாத குடையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். அடுத்து, ஐஸ் கட்டியைச் சுடவைத்தால் உருகும் என்றாள். ஐஸ் கட்டியை எந்தப் பைத்தியக்காரன் சுடவைப்பான் என்று மூன்றாம் வகுப்பு சிரித்தது. கேள்வி நியாயமானதுதான். பாடத்தை எழுதியவர் கரட்டுப்பட்டிக்கு வந்ததில்லை, கரட்டுப்பட்டிப் பிள்ளைகள் அவருக்காக மூளையைக் கழற்றி வைக்கத் தயாராக இல்லை.

சந்திரவல்லிக்குத் தலை கிறுகிறுத்தது. ஜன்னல் வழியே முத்தாலம்மன் கோயில் தெரிந்தது. ஆடி வெள்ளிக்கு யாரோ பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏய் பிள்ளைகளா, சாமிக்கு நேர்ந்துக்கிருவீங்கள்ல? ஆத்தா, எங்கப்பனுக்குக் கால் சரியாகட்டும், உனக்குக் கெடா வெட்டுறேன்னு? அதுதான் இஃப். அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான், அறை கொதித்துக் கிளம்பிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் இங்கிலீஷ் வகுப்பில் இத்தனை கைகள் தூக்கி அவள் பார்த்ததில்லை. மாடு ஈன்றால் பால் ஊற்றுவேன், அண்ணனுக்கு வேலை கிடைத்தால் மணி கட்டுவேன், கடைசி பெஞ்சு செத்துப்போனால் சேவல் அறுப்பேன் என்று ஆளாளுக்கு முத்தாலம்மனுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார்கள். கடைசி பெஞ்சும் பதிலுக்கு ஒரு சேவலை நேர்ந்தது. சந்திரவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் சாக்பீஸை எடுத்து, வருகைப் பதிவேட்டில் தன் கண்ணைக் குத்திக்கொண்டிருந்த பெயரையே உதாரணமாக எழுதினாள்.

'இஃப் கார்த்திகா கம்ஸ் டு ஸ்கூல் ஃபார் ட்வெண்டி டேஸ், ஐ வில் ஷேவ் மை ஹெட்.'

கார்த்திகா தொடர்ந்து இருபது நாள் பள்ளிக்கு வந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்வேன் என்று தலையைத் தடவியும் காட்டினாள். நடக்கவே நடக்காது என்ற தைரியம். வகுப்பு உருண்டு சிரித்தது.

நான்காம் வகுப்பு பானுப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முத்தாலம்மன் கோயில் பூசாரியின் மகள். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு விளையாட்டுப் பிடிக்காது.

"எந்தச் சாமிக்கு டீச்சர்?"

"ம்? நம்ம முத்தாலம்மனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு சந்திரவல்லி பலகையை அழித்தாள்.

பலகையில் அழிந்தது, ஊரில் அழியவில்லை. திங்கட்கிழமை காலை அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பள்ளி வாசலில் கார்த்திகா நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தது. பக்கத்தில் ராக்கு. முதல் ஜீப்பை விட்டுவிட்டு நின்றிருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயது அழகுராஜா. பேருக்கும் ஆளுக்கும் இடையில் மூக்குச்சளி ஒழுகிக்கொண்டிருந்தது.

"டீச்சரு, எம்மக பேருல முடி நேந்துட்டீகளாம்ல? பூசாரி மக சொல்லுச்சு."

"அது பாடத்துக்குச் சும்மா சொன்னது ராக்கு."

"ஆடி வெள்ளியில, ஆத்தா கோயிலைப் பாத்துக்கிட்டு, பேரைச் சொல்லி நேந்துட்டுச் சும்மாங்கிறீகளே! அடுத்தவுக நேந்ததை நான் மறிச்சா எங்குடியில்ல டீச்சரு விளங்காமப் போகும்? இந்தா புடிங்க புள்ளைய. இருபது நாளு ஒரு நாளு தவற மாட்டா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்று முறை வீடு தேடிப் போய், சட்டம் சொல்லி, எதிர்காலம் சொல்லி, கெஞ்சியும் நடக்காத காரியம் ஒரு மொட்டையில் நடந்துவிட்டது. கல்வியின் அருமையை விளக்கப் பேசிய பேச்செல்லாம் தண்டம் என்று சந்திரவல்லிக்குக் கோபமாகக்கூட வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். சிவக்குமார் ஜெராக்ஸ் கடைக்காரருக்கே உரிய நிதானத்துடன் கேட்டார்.

"ஆவணியில உன் தங்கச்சி மக கல்யாணம். மேடையில மொட்டைத் தலையோட நிப்பியா?"

"இருபது நாளு அவ எங்க வரப்போறா?"

கார்த்திகா வந்தாள். மழையில் வந்தாள், கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள், மற்ற பிள்ளைகள் பாதிப் பேர் திருவிழா பார்க்கப் போன நாளிலும் வந்தாள். பானுப்பிரியா தினமும் பலகையின் மூலையில் எண்ணிக்கையை எழுதினாள். எட்டு. ஒன்பது. பத்து. கோயில் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், டீச்சர் ஸ்கூட்டரில் போகும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சடையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாண்டியராஜ் சார் தன் பங்குக்கு, "கணக்குப் பாடம் நடத்தியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா மேடம்?" என்று மதியச் சாப்பாட்டின்போது தினமும் கேட்டார்.

பதினோராம் நாள் கார்த்திகா இரண்டு முறை தும்மினாள். சந்திரவல்லி பாய்ந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு முடியலைன்னா நாளைக்கு லீவு போட்டுக்கோ தாயி. தப்பே இல்ல."

"அம்மா சொல்லிருச்சு டீச்சர். செத்தாலும் பள்ளிக்கூடத்துல வச்சுத்தான் சாகணுமாம்."

அன்று இரண்டு காரியங்களுக்காக சந்திரவல்லி தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா என்று ஆசைப்பட்டதற்கு ஒரு திட்டு. அதைவிட மோசமான இன்னொன்று இருந்தது. பத்து நாளில் கார்த்திகா இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியிருந்தாள், மூன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள். அப்படி ஒரு பிள்ளை கிடைத்தும் டீச்சர் சந்தோஷப்படாமல், கண்ணாடி முன்னால் நின்று சடையை அளந்துகொண்டிருந்தாள். நல்ல பொம்பளைதான் போ, என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு மறுபடியும் அளந்தாள்.

பத்தொன்பது நாள் முடிந்தது. இருபதாம் நாள் காலை மணி அடித்தது, பிரார்த்தனை முடிந்தது, பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கார்த்திகாவின் இடம் காலியாக இருந்தது.

"அவங்கம்மா இன்னைக்கு அவளை ஜீப்புல ஏத்திருச்சு டீச்சர்" என்றாள் பானுப்பிரியா. அவள் குரலில் துக்கம் இருந்தது.

சந்திரவல்லியின் நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். கை தானாகப் பின்னால் போய்ச் சடையைத் தொட்டது. பாண்டியராஜ் சார் வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். "தப்பிச்சீங்க மேடம்! கல்யாணத்துக்கு ஜம்முன்னு போயிட்டு வாங்க."

அவள் பதிவேட்டைத் திறந்து கார்த்திகாவின் பெயருக்கு நேரே பேனாவை வைத்தாள். பத்தொன்பது நாள் வரிசையாகக் கோடு விழுந்திருந்தது. பேனா நகரவில்லை. பத்தொன்பது நாள் தவறாத பிள்ளையை இருபதாம் நாள் ஏன் ஏற்றிப் போனார்கள் என்று கேட்க வேண்டியவள், தப்பித்தோம் என்று குதிக்கிறாளே என்று அவளுக்கு உடம்பு கூசியது. பேனாவை மூடினாள்.

"சார், காலையில எனக்குப் பெர்மிஷன். பிள்ளைகளைப் பாத்துக்கோங்க."

"எங்க மேடம்?"

"மேல."

ஜீப்பு டிரைவருக்குப் போன் போட்டு எந்தத் தோட்டம் என்று கேட்டுக்கொண்டாள். போடிமெட்டுச் சாலையில் பதினேழு வளைவுகள். பாதிக்கு மேல் மஞ்சு இறங்கி, முன்னால் போகும் லாரியின் பின்புறம் மட்டும் தெரிந்தது. ஸ்கூட்டர் ஒவ்வொரு வளைவிலும் முனகியது. அவளும்தான். செக்போஸ்ட் தாண்டி, தோட்டத்து கேட்டில் இருந்த சூப்பர்வைசர் சேலையும் செருப்புமாக வந்து நின்றவளைப் பார்த்து, "எந்தா சேச்சி, வழி தெற்றியோ?" என்று கேட்டான். வழியெல்லாம் தப்பவில்லை, ராக்கு எங்கே என்றாள்.

ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. அடித்தூரில், மண்ணோடு மண்ணாகச் சரம் விட்டுக் காய்க்கும். குத்தவைத்து, குனிந்து, செடிக்குள் தலையை விட்டுத்தான் பறிக்க முடியும். ராக்கு அப்படித்தான் இருந்தாள். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வடிந்திருந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி மரத்தில் சேலைத் தொட்டில். கார்த்திகா ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் அழகுராஜா நெருப்பாகக் கொதித்துக் கிடந்தான்.

டீச்சரைப் பார்த்ததும் ராக்கு எழுந்து நின்றாள். முதலில் பயந்தாள், பிறகு வெடித்தாள்.

"பத்தொம்பது நாளு டீச்சரு! பத்தொம்பது நாளும் இவனை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் குத்தவச்சுப் பறிச்சேன். இடுப்பு கழண்டு போச்சு. இன்னைக்குக் காய்ச்சலு. முதுகுல போட்டா துவளுறான். நான் என்ன செய்யட்டும்? எந்தச் சாமியா இருந்தாலும் ஒரு நாளு பொறுக்கட்டும். பொறுக்காட்டி என்னை அடிக்கட்டும்!"

சந்திரவல்லி தொட்டிலுக்குள் கையை விட்டு அழகுராஜாவின் நெற்றியைத் தொட்டாள். இருபது நாளாகத் தன் தலையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருந்தாள். கார்த்திகா வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளையும் இந்தப் பொம்பளை முதுகில் சுமந்திருக்கிறாள் என்பது ஒரு தடவையும் மனசில் தட்டவில்லை. கையில் மட்டும் சிக்கியிருந்தால் முத்தாலம்மன் தன்னைத்தான் முதலில் அறைந்திருப்பாள் என்று தோன்றியது.

"இவனை இப்படிப் போட்டு வச்சிருந்தா ஆகாது ராக்கு. கொண்டா. நான் கீழ டாக்டர்ட்ட காட்டுறேன். கார்த்திகாவும் கூட வரட்டும். நீ சாயங்காலம் வந்து ரெண்டையும் வாங்கிக்கோ."

ராக்கு தொட்டில் சேலையை அவிழ்த்து, அழகுராஜாவை டீச்சரின் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். கார்த்திகா பின்னால் ஏறிக்கொண்டாள். பதினேழு வளைவும் இறங்கி, போடியில் டாக்டரிடம் ஊசியும் மருந்தும் வாங்கி, கரட்டுப்பட்டி வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. அழகுராஜா டீச்சரின் சேலையை இரண்டு விதமாக நனைத்திருந்தான்.

வகுப்பு பெரிய பஞ்சாயத்தில் இருந்தது. காலையில் வரவில்லை, மதியம் வந்துவிட்டாள். இது கணக்கில் சேருமா சேராதா? மூன்றாம் வகுப்பு சேராது என்றது. கடைசி பெஞ்சு சேரும் என்றது. கடைசியில் எல்லோரும் பூசாரி மகளைப் பார்த்தார்கள். பானுப்பிரியா கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"பத்தொம்பதரை நாளு வந்திருக்கா. டீச்சர் முழு மொட்டை போட வேணாம். பூ முடி மட்டும் குடுத்தாப் போதும். ஆத்தா ஏத்துக்கிரும்."

பூ முடி என்றால் சடையின் நுனியில் மூன்று விரல்கடை நறுக்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிடலாம். கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாது. சாமியின் பக்கத்து ஆளே தந்த சலுகை. பாண்டியராஜ் சார், "இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" என்றார்.

சந்திரவல்லி அழகுராஜாவை மேஜைமேல் படுக்க வைத்தாள். அவன் சூடு இன்னும் அவள் நெஞ்சிலேயே இருந்தது.

"மொட்டைன்னுதான எழுதினேன்? மொட்டைதான்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முத்தாலம்மன் கோயில் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தாள். ஊரே வந்திருந்தது. சிவக்குமார் கடையைத் திறக்காமல் வந்து, சடை அறுந்து தாம்பாளத்தில் விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்துமூன்று வருஷமாக அந்தச் சடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, அட பாவி, இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தங்கை போனில் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, கல்யாணத்தில் பின் வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தாள். தலையில் சந்தனம் பூசியதும் காற்று சில்லென்று பட்டது. அவளும் அழுதாள். முடிக்காகத்தான் அழுதாள், வேறு எந்த உயர்ந்த காரணமும் இல்லை.

ராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் விட்ட அழகுராஜா இடுப்பில் இருந்தான். டீச்சரின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேந்தது முடிஞ்சிருச்சு டீச்சரு. இனிமே அனுப்பணும்னு எனக்குக் கட்டாயம் இல்ல."

"இல்லதான்."

"திங்கக்கெழமை ஜீப்புல ஏத்திரலாம்னுதான் நெனச்சிருந்தேன். பூ முடி போதும்னாகளாம்ல, நீங்க கேக்கலையாம்ல?" ராக்கு மூக்கை முந்தானையில் துடைத்தாள். "நான் அவளை அனுப்புறேன். ஆனா இவனை மறுபடி முதுகுல கட்ட எனக்கு இடுப்பு இல்ல டீச்சரு. அவ கூட இவனும் வந்தா உக்கார விடுவீகளா?"

"கொண்டா" என்று சந்திரவல்லி கையை நீட்டினாள். கைக்கு வந்த அழகுராஜா அந்த மொட்டைத் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் கேட்கக் கத்தினான்.

திங்கட்கிழமை காலை பாண்டியராஜ் சார் வகுப்பு வாசலில் வந்து வாயைப் பிளந்தபடி நின்றார். கார்த்திகா தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஆடி பிறந்ததிலிருந்து பள்ளிப் பக்கம் தலைகாட்டாத மற்ற ஆறு பேரும் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு தம்பியோ தங்கையோ இடுப்பில் இருக்க. ஒன்று பலகைக்குக் கீழே தவழ்ந்தது. ஒன்று சாக்பீஸ் தின்றது. இரண்டு பேசி வைத்ததுபோல் ஒரே நேரத்தில் அழுதன.

"மேடம், இது என்ன பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்க்கிற இடமா? மேலிடத்துல கேட்டா என்ன சொல்றது?"

சந்திரவல்லி மொட்டைத் தலையில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள்.

"இருபத்தொண்ணுக்கு இருபத்தொண்ணும் வந்திருக்குன்னு சொல்லுங்க சார்" என்றாள். பிறகு, சாக்பீஸ் தின்றதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.